அழுத பிள்ளையும் பால் வேளையும்



"அழுத பிள்ளை பால் குடிக்கும்" என்பது தமிழ் வழங்கும் இடமெங்கும் வழங்கும் பழமொழி. கேட்டவனுக்கே கிடைக்கும் என்பதற்கு உவமையாகப் பெரியோர் அதனைக் கூறுவர். அவ்வுவமையின் அடியில் ஓர் எண்ணம் இருக்கிறது. பிள்ளை அழும் இடத்திலேயே தாயும் இருப்பாள். அழுகுரல் அவள் செவியில் விழும். விழுந்ததும் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்து பிள்ளையை மடியில் எடுப்பாள் என்பதே அது. முற்றத்தில் நெல் குத்திய தாயையும் கொல்லையில் கீரை பறித்த தாயையும் கண்டவர்கள் ஆக்கிய மொழி அது.

அட்டன், டிக்கோயா, பொகவந்தலாவை, தலவாக்கலை, நுவரெலியா என விரியும் மலைநாட்டிலே நிலைமை வேறு. அங்கே பிள்ளை அழுவது கீழே பள்ளத்தில். தாய் நிற்பது மேலே கொழுந்து மலையில். இடையில் செங்குத்தான படிகளும், சறுக்கும் ஒற்றையடிப் பாதையும், ஆனி ஆடி மாதங்களில் கண்ணை மறைக்கும் மழையும் பனிமூட்டமும் உண்டு. குரல் எட்டாது. அழுத பிள்ளை பால் குடிக்குமா என்பது அங்கே உவமையாக நில்லாமல் உண்மையான வினாவாகி விடுகிறது.

தோட்டத்துத் தாய் ஒருத்தியின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் எழுகிறாள். அடுப்பு மூட்டி, ரொட்டி தட்டி, பெரிய பிள்ளையைப் பள்ளிக்கு ஆயத்தம் செய்கிறாள். நான்கு மாதக் கைக்குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு பிள்ளை மடுவத்துக்கு நடக்கிறாள். அங்கே பிள்ளையை ஒப்படைத்துவிட்டு, இடுப்பிலே படங்கைக் கட்டி, கூடையைத் தலையில் மாட்டி, பிரட்டுக்கு விரைகிறாள். அதன் பிறகு அவள் நேரத்தை அளப்பது கொழுந்து நிறுக்கும் தராசுதான். குறித்த கிலோ நிறைந்தால் முழுப் பேர்; குறைந்தால் அரைப் பேர். அவள் மார்பில் பால் கட்டி வலிக்கும் பொழுதும் விரல்கள் கொழுந்தின்மீதே ஓடவேண்டியிருக்கிறது.

தாய்ப்பாலின் சிறப்பைப் பற்றி இத்தாய்க்கு அறிவுரை கூறுவது எளிது. அந்தப் பாலைக் கொடுப்பதற்கு வேண்டிய நேரத்தையும் உடல்வலிமையையும் அவளுக்கு யார் கொடுப்பது என்பதே சிந்திக்க வேண்டிய செய்தி.

முதலில் பாலின் இயல்பை நோக்குவோம். பிள்ளை பிறந்த சில நாள்வரை சுரப்பது சீம்பால். மஞ்சள் நிறமாகவும் சற்றுத் தடிப்பாகவும் சிறிதளவாகவும் வரும் இதனைக் கெட்டபால் என்று கருதிப் பீய்ச்சிக் கொட்டும் வழக்கம் முன்பு பல இடங்களில் இருந்தது. உண்மையில் நோயை எதிர்க்கும் பொருள்கள் மிகச் செறிந்திருப்பது சீம்பாலிலேதான். பிறந்த சிசுவின் இரைப்பை மிகச் சிறியது. அதற்கு அந்தச் சிறிதளவே போதும். எனவே பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளையை மார்பில் விடவேண்டும் என்பது மருத்துவர் துணிபு. அதனால் தாய்க்கும் ஒரு நன்மை உண்டு. பிள்ளை சப்பும்பொழுது தாயின் உடலில் ஊறும் ஒரு சுரப்பு கருப்பையைச் சுருங்கச் செய்து, பிரசவத்துக்குப் பின் நேரும் இரத்தப்போக்கைக் குறைக்கத் துணை செய்கிறது. பால் கொடுப்பவளுக்கும் அப்பாலே காவல்.

பிறந்தது முதல் ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் வேண்டுவதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2001ஆம் ஆண்டு முதல் இதனையே உலகெங்கும் வற்புறுத்தி வருகிறது. தண்ணீரும் வேண்டாமோ என்று பாட்டிமார் வினவுவர். தாய்ப்பாலில் நூற்றுக்கு ஏறத்தாழ எண்பத்தெட்டுப் பங்கு நீர்தான். வெயில் காலத்திலும் அந்த நீரே குழந்தையின் தாகம் தீர்க்கும். சர்க்கரைத் தண்ணீர், கொத்தமல்லித் தண்ணீர், நாவில் தடவும் தேன், உரைத்து ஊட்டும் வசம்பு ஆகியன எல்லாம் அன்பினால் எழுந்த வழக்கங்களே. வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்றே ஒரு பெயர் உண்டு. ஆனால் கலங்கிய ஊற்று நீரில் கரைத்த ஒரு சங்கு மருந்து, இளங்குடலுக்குள் வயிற்றோட்டத்தைக் கொண்டுபோய் விடக்கூடும். தேனாலும் மிக இளங்குழந்தைகளுக்குக் கேடு நேர்வதுண்டு. வைத்தியர் எழுதித் தரும் மருந்தைத் தவிர வேறெதனையும் ஆறு மாதம்வரை அந்த நாவில் வைக்காதிருப்பதே நலம்.

"பால் போதவில்லை" என்பது இன்னொரு முறைப்பாடு. குழந்தை அழுவதெல்லாம் பசியினாலன்று. குளிர், ஈரத்துணி, வயிற்றுப் பொருமல், தாயின் அணைப்பை நாடும் ஏக்கம் எனக் காரணம் பலவாம். முதல் வாரம் கழிந்தபின் நாளொன்றுக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்து, மாதந்தோறும் நிறையும் ஏறிவருமாயின், அக்குழந்தைக்குப் பால் போதுகிறது என்று துணியலாம். மருத்துவிச்சி எழுதிக் கொடுக்கும் பதிவேட்டில் ஏறிச் செல்லும் கோடே இதற்குச் சான்று. மேலும், பால் சப்பச் சப்பத்தான் சுரக்கும். ஒரு வேளை போத்தல் பால் கொடுத்தால் அந்த வேளைக்குரிய சுரப்புக் குறையும்; மறுவேளை மீண்டும் போத்தலைத் தேடவேண்டி வரும். பால் வற்றிவிட்டது என்று சொல்லப்படும் வரலாறுகள் பலவற்றின் தொடக்கம் இதுவே.

பால் சுரக்கும் உடல் எத்தகைய நிலையில் இருக்கிறது என்பதை அடுத்து நோக்கவேண்டும். மகப்பேற்று நலம் பிரசவ அறையில் தொடங்குவதன்று. கருவுற்ற நாளிலேயே, ஏன், அப்பெண்ணின் இளமையிலேயே தொடங்குகிறது. தோட்டப் புறங்களில் கர்ப்பிணிகளை வாட்டும் பெருங்குறை இரத்தச்சோகை. ஈரல், முட்டை, நெத்தலிக் கருவாடு, பயறு, முருங்கைக்கீரை போன்றன தட்டிலே அரிதாகவே விழுகின்றன. வெறுங்காலுடன் மண்ணில் நடப்பதனால் ஏறும் கொக்கிப்புழு எஞ்சிய இரத்தத்தையும் உறிஞ்சுகிறது. இப்புழுவை ஒழிக்க 1916ஆம் ஆண்டிலேயே மாத்தளைத் தோட்டங்களில் ராக்பெல்லர் அறநிறுவனம் ஒரு பேரியக்கத்தைத் தொடங்கிற்று. கர்ப்ப காலத்தில் உரிய மாதத்தில் புழுமருந்து கொடுப்பது இன்று தாய்மார் சிகிச்சை நிலையங்களின் வழக்கமான பணி.

இங்கே ஒரு சிறு செய்தி, சிறிதானாலும் பயன் பெரிது. உணவோடும் இரும்புச்சத்து மாத்திரையோடும் சாயத் தண்ணீர் அருந்தினால், தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள் அந்த இரும்பைப் பற்றிக்கொள்கிறது; உடலில் சேரவேண்டியதில் பெரும்பகுதி வீணாகிறது. உலகத்தார் கோப்பைக்குக் கொழுந்து பறித்துக் கொடுக்கும் பெண்ணின் இரத்தத்தை அவளுடைய கோப்பையே குறைப்பது இரங்கத்தக்கது. தேத்தண்ணீரை அறவே விடவேண்டியதில்லை. உணவுக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரம் முன்போ பின்போ அருந்தினால் போதும். மாத்திரையை எலுமிச்சைச் சாற்று நீரோடு, அல்லது ஒரு கொய்யாப் பழத்தோடு உட்கொண்டால் இரும்பு இன்னும் நன்றாகச் சேரும்.

பால் கொடுக்கும் தாய்க்கு மற்றக் காலத்தைவிட மிகுதியான உணவு வேண்டும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி, அதாவது ஏறக்குறைய ஒரு வேளைச் சாப்பாடு, அவளுக்கு அதிகமாகத் தேவை. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் அரசாங்கம் வழங்கும் திரிபோஷா மாவு 1973இல் தொடங்கிய திட்டம். சோளமும் சோயாவும் கொண்ட அம்மாவு தாய்க்கென்றே கொடுக்கப்படுவது. அது வீட்டுக்கு வந்ததும் எல்லாருக்கும் பங்காகி, தாய்க்கு ஒரு பிடி மட்டும் மிஞ்சுவது லயங்களில் புதிதன்று. எல்லாரும் உண்டபின் மிஞ்சியதை உண்பது பெண்ணுக்கு அழகு என்னும் எண்ணம், பால் கொடுக்கும் மாதங்களிலாவது ஒழியவேண்டும்.

இவ்வளவும் கூறும்பொழுது, மலைநாடு கடந்து வந்த தூரத்தையும் மறத்தலாகாது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையைத் தோட்டப்பயிராக நட்டார். அதற்கு முன்பே கோப்பித் தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் வழிநெடுகிலும் நோயால் மடிந்தனர். அவர்களுடைய வைத்தியத் தேவைக்கென முதற் சட்டம் 1872இல் பிறந்தது. பிரசவித்த தொழிலாளிக்கு ஒரு மாதம் உணவும் இருப்பிடமும் கொடுக்கவேண்டும் என்னும் கடமையை 1912ஆம் ஆண்டுச் சட்டம் தோட்ட நிர்வாகியின் மீது சுமத்திற்று. 1930களில் இத்தீவில் ஓர் இலட்சம் பிறப்புக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். மலேரியா பரவிய 1935ஆம் ஆண்டில், உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 263 குழந்தைகள் முதற் பிறந்தநாளைக் காணவில்லை. இன்று தாய்மார் மரணம் இலட்சத்துக்கு ஏறத்தாழ முப்பது. குழந்தை மரணம் ஆயிரத்துக்குப் பத்துக்கும் கீழே. ஆசியாவிலே பலரும் வியக்கும் இம்மாற்றத்தைப் பெரிதும் ஆக்கித் தந்தவர்கள், கையில் பையோடு வீடுவீடாக ஏறி இறங்கிய மருத்துவிச்சிகளே. இன்று ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலையிலேயே நிகழ்கின்றன. டிக்கோயாவில் இந்திய உதவியுடன் எழுந்த வைத்தியசாலைக் கட்டடம் 2017இல் திறக்கப்பட்டது.

ஆயினும் தீவின் கணக்கு ஒன்று. தோட்டத்தின் கணக்கு ஒன்று. 2016ஆம் ஆண்டுச் சனத்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுள் தாய்ப்பால் மட்டுமே பெறுவோர் நூற்றுக்கு 82 பேர். இது உலகில் பல நாடுகளும் எட்டாத உயர்வு. அதே ஆய்வின்படி ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரம் பெறாதோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர். தோட்டத்துறையில் ஏறத்தாழ 32 பேர். குறைந்த நிறையுடன் பிறக்கும் சிசுக்களும் தோட்டத்திலேயே அதிகம். நிறைகுறைந்து பிறந்த பிள்ளைக்குத் தாய்ப்பாலும் தாயின் அருகும் மற்றப் பிள்ளைகளைவிட மிகுதியாக வேண்டும். மார்போடு மார்பாகப் பிள்ளையை அணைத்துக் கட்டிக்கொண்டு தாயின் உடற்சூட்டினாலேயே வளர்க்கும் முறையை 1978இல் கொலம்பியா நாட்டுப் பொகோட்டா நகர வைத்தியர் கையாளத் தொடங்கினர். கங்காரு முறை எனப் பெயர் பெற்ற அது, ஆறாயிரம் அடிக்கு மேல் குளிரில் உறையும் நுவரெலியாவுக்கு மிகப் பொருந்துவது.

இனி, சட்டம் தாய்க்குக் கொடுக்கும் நாட்களைக் கணக்கிட்டுப் பார்க்கவேண்டும். இலங்கையின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939இல் இயற்றப்பட்டது. பின்வந்த திருத்தங்களின்படி தாய்க்கு உரியது பன்னிரண்டு வாரம், அதாவது 84 நாள். மூன்றாம் பிள்ளை முதல் அதில் பாதியே என்று இருந்த வேற்றுமையை 2018ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கிற்று. இப்பன்னிரண்டு வாரத்தில் இரண்டு வாரம் பிரசவத்துக்கு முன். பத்து வாரம் பின். பத்து வாரம் என்பது 70 நாள். தாய்ப்பால் மட்டுமே கொடுக்கவேண்டிய காலம் ஆறு மாதம், ஏறத்தாழ 180 நாள். எஞ்சி நிற்பது 110 நாள். அந்த 110 நாளும் தாய் மலையில்; பிள்ளை மடுவத்தில்.

இந்த இடைவெளியைச் சட்டம் காணாமல் விடவில்லை. ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்டும் தாய்க்கு, ஒன்பது மணி நேர வேலையில், அவள் வேண்டும் வேளைகளில் இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் கொடுக்கவேண்டும் என்று அது விதிக்கிறது. தொழில்தருநர் பிள்ளை மடுவம் அமைத்திருப்பின் ஒவ்வோர் இடைவேளையும் அரை மணிக்குக் குறையாமலும், அமைக்காவிடின் ஒரு மணிக்குக் குறையாமலும் இருத்தல் வேண்டும். வேலைத்தலத்தில் தாய் நாள்தோறும் இருமுறை அரை மணி பாலூட்டலாம் என்னும் உரிமையைச் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் தன் முதலாம் மாநாட்டிலேயே, 1919இல், ஏற்றுக்கொண்டது. நூறாண்டு கடந்த உரிமை இது.

ஆனால் சட்டம் எழுதியோர் மனத்தில் சமதரையே இருந்தது போலும். மலையிலிருந்து மடுவத்துக்கு இறங்கக் கால் மணி, திரும்ப ஏறக் கால் மணி என்றால் அரை மணியும் வழியிலேயே தீர்ந்துவிடும். பிள்ளையின் வாயில் பால் விழுவதற்கு ஒரு நிமிடமும் மிஞ்சாது. கூடையிலே கொழுந்தும் அந்த அளவுக்குக் குறையும்; அரைப் பேருக்கு அஞ்சிய தாய் அடுத்த நாள் இறங்கமாட்டாள். மூன்றாம் நாள் மடுவத்துக்குப் போத்தல் வந்துவிடும். இதனைத் தாயின் அறியாமை என்று எழுதி வைப்பது நீதியாகாது. பாதையின் நீளமும் தராசின் முள்ளுமே அவளுக்குப் பதிலாக முடிவு செய்துவிட்டன.

இதற்கு மாற்று, பெரும் பொருட்செலவு வேண்டாத ஒன்று. கைக்குழந்தை உள்ள தாய்மாருக்குப் பிள்ளை மடுவத்தை அடுத்துள்ள மலையிலேயே வேலை கொடுக்கலாம். காலையில் ஆள் பிரிக்கும் கங்காணியும் வெளிக்கள உத்தியோகத்தரும் மனம் வைத்தால் அன்றே நிறைவேறும் காரியம் இது. பாலூட்டச் சென்ற நேரத்தைக் கழித்துவிட்டுக் கொழுந்தின் அளவைக் கணிப்பது அடுத்த படி. இன்று பறித்த கொழுந்தை நிறுக்கும் நிர்வாகம், பதினைந்து ஆண்டு கழித்து அந்தப் பிள்ளையின் உடலுரத்தையும் நிறுத்துப் பார்க்குமாயின், இது தானமாகத் தோன்றாது; முதலீடாகவே தோன்றும்.

தாய் இறங்கி வர இயலாத வேளைக்கு மற்றொரு வழியும் உண்டு. வேலைக்குப் போகுமுன் கைகளை நன்கு கழுவி, கொதிநீரில் சுத்தம் செய்த மூடியுள்ள பாத்திரத்தில் பாலைப் பீய்ச்சி மடுவத்தில் வைத்துச் செல்லலாம். சாதாரண அறைவெப்பத்தில் நான்கு மணி நேரம் அப்பால் கெடாது. அதனை அடுப்பில் காய்ச்சலாகாது. பாத்திரத்தை வெந்நீரில் சிறிது வைத்து வெதுவெதுப்பாக்கி, சிறு கோப்பையாலோ கரண்டியாலோ மெல்லப் புகட்டவேண்டும். வேண்டுவது பிள்ளை மடுவத்து அம்மாளின் பொறுமையும் துப்புரவும்.

சூப்பிப் போத்தலை ஏன் இவ்வளவு அஞ்சவேண்டும்? மகப்பேற்றுச் சட்டம் பிறந்த அதே 1939இல், சிங்கப்பூரில், சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் வைத்தியர் "பாலும் கொலையும்" என்ற பொருள்படும் தலைப்பில் ஓர் உரை நிகழ்த்தினார். தாய்ப்பாலுக்கு மாற்றெனத் தகரப்பால் விற்பதனால் சிசுக்கள் மாள்வதை அவர் அவ்வுரையில் கடுமையாகக் கண்டித்தார். அக்குரலுக்கு உலகம் முழுமையாகச் செவி சாய்க்க நாற்பது ஆண்டுக்கு மேலாயிற்று. 1981இல் தாய்ப்பால் மாற்றுப் பொருள்களின் விற்பனையைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒழுங்குவிதி நிறைவேறியது. இலங்கையும் அதே ஆண்டில் தனக்கென ஒழுங்குவிதி வகுத்தது. ஒற்றைக் காம்பராவில், பொதுக் குழாயில் பிடித்த நீரில், விறகு சிக்கனத்தால் அரைகுறையாய்ச் சூடாக்கி, பால்மா விலைக்கு அஞ்சி நீர்க்கக் கரைத்துக் கொடுக்கும் போத்தலில் போஷாக்கு எங்கே இருக்கும்? தாய்க்கு நோய் முதலிய காரணங்களால் மாற்றுப்பால் வேண்டியிருப்பின் அதனை வைத்தியர் அறிந்து கூறுவார். அத்தகைய தாயைக் குறை கூறுதல் எவர்க்கும் தகாது.

லயத்துக்குள்ளும் செய்யவேண்டியது உண்டு. பால் கொடுக்கும் மாதங்களில் தண்ணீர்க் குடமும் விறகுக் கட்டும் கணவன் தோளுக்கு மாறலாம். மாலையில் கூடையை இறக்கி வைத்த தாய் முதலில் அடுப்பண்டை போகாமல், பிள்ளையோடு ஒரு நாழிகை அமர்ந்திருக்க விடலாம். இரவுப் பால் சுரப்பை வளர்க்கும். ஆகவே இரவில் பிள்ளை அவள் அருகே இருக்கட்டும். பேறுகாலத்தைப் பலமுறை கண்ட மாமியார், "எங்கள் காலத்தில் இப்படியா?" என்று கேளாமல், "நீ இரு அம்மா, சோற்றை நான் பார்க்கிறேன்" என்று ஒரு சொல் சொன்னால், அச்சொல்லே மருந்தாகும். தொழிற்சங்கத் தலைவர்கள் சம்பளப் பேச்சின்போது இந்த இருமுறை அரை மணியையும் மறவாது நினைவூட்டலாம்.

நேயர்களே, பிள்ளையின் அழுகை மலைமேல் நிற்கும் தாயின் செவிக்கு எட்டாதிருக்கலாம். ஆனால் மடுவத்தில் இருப்பவர்க்கு அது கேட்கிறது. லயத்தில் இருப்பவர்க்குக் கேட்கிறது. ஆள் பிரிப்பவர்க்கும், தராசு பிடிப்பவர்க்கும், கணக்கு எழுதுபவர்க்கும், கேட்க மனமிருந்தால் கேட்கும். அவர்களுள் ஒருவர் கேட்டு, அவளை நோக்கி, "நேரமாயிற்று, இறங்கிப் போ அம்மா" என்று சொல்லும் நாளில், முன்னோர் மொழிந்த பழமொழி மலைநாட்டிலும் மெய்யாகும்.